பன்றிகளுக்கு ஒரு திறப்பு விழா

எங்கள் மாவட்டத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்றால், அதை யாராவது திறந்து வைத்திருக்க வேண்டும். திறக்காவிட்டால் அது இல்லை. போன மழைக்காலத்தில் இராஜாக்கமங்கலம் போகிற ரோட்டில் ஒரு பேருந்து நிழற்குடையைக் கட்டி முடித்துத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஜனம் அதற்கு வெளியே நின்று நனைந்தது. தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஒதுங்கிய மீன்காரி ஒருத்தியை, திறக்கும் முன்பே நிழற்குடைக்குள் நுழைந்துவிட்டாள் என்று காண்ட்ராக்டரின் ஆள் விரட்டினான். அவள் திரும்ப அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆனால் அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

நான் சத்தியநேசன். மைக் செட், பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிறேன். திறப்பு விழாக்கள் எனக்குச் சோறு போடுகின்றன, அதனால் அவற்றைப் பற்றிக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை என்று என் மனைவி சொல்வாள். மனுசன் எத்தனை வரவேற்புரையைத்தான் தாங்குவான்? ஆம்பிளிபையர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

என் பக்கத்து வீட்டு ஜாஸ்பருக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது. இளவயதில் மஸ்கட்டுக்குப் போய் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அங்கே ஏசியை மாட்டிச் சுவிட்சைப் போட்டால் குளிர்காற்று வந்துவிடும், யாரும் வந்து ரிப்பன் வெட்ட வேண்டியதில்லை. இந்தக் கெட்ட பழக்கத்தோடு ஊருக்குத் திரும்பி வந்து, வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் வெண்பன்றிப் பண்ணை போட்டார். நாகர்கோவில் ஓட்டல்களில் மிஞ்சுகிற சோறும் சாம்பாரும் தினமும் டெம்போவில் வந்து இறங்கும். அவருடைய பெரிய பன்றிக்கு மகாராணி என்று பேர். அது அப்போது சினையாக இருந்தது. தோப்புக்கு அந்தப் பக்கம் ஆன்ட்ரூஸின் பண்ணை. ஆன்ட்ரூஸ் மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனுசன். பன்றிகளிடம் மட்டும் மெதுவாகப் பேசுவார்.

பக்கத்துப் பஞ்சாயத்தில் பன்றிக் காய்ச்சல் வந்தது. காது நீலம் பாய்ந்து, பின்னங்கால் தள்ளாடி, தொட்டித் தண்ணீரில் வாயை வைத்தபடியே சாய்ந்துவிடுகிறதாம். ஜாஸ்பர் அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினார். தடுப்பூசி இருப்பு முழுவதும் புது மருந்தோடு சேர்ப்பதற்காக மையத்துக்குப் போய்விட்டது, அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள்.

மையம் என்றால் நாஞ்சில் கால்நடை நோயெதிர்ப்பு உயராய்வு மையம். நாகர்கோவிலுக்குத் தெற்கே வயலை நிரப்பிக் கட்டியது. முன்னால் கல்வெட்டுகள் மட்டும் ஒரு வரிசை. அடிக்கல் நாட்டியதற்கு ஒன்று, கட்டடம் திறந்ததற்கு ஒன்று, சுற்றுச்சுவருக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு, கழிப்பறைக்கு என்று தனித்தனியாக நிற்கும். மயிலாடிக் கல்தச்சர்கள் இரண்டு குடும்பங்கள் இந்த மையத்தாலேயே பிழைக்கின்றன. நாற்காலி விஷயமாக நானும் அன்றைக்கு அங்கே போகவேண்டியிருந்ததால் ஜாஸ்பரை என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனேன்.

மருந்தைக் கண்டுபிடித்த டாக்டர் அஸ்வதி ஒரு எஃகுத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அறை முழுக்க ஆப்பமாவு புளித்த வாசனை. ஜாஸ்பர் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார்.

"பன்னிக்க உடம்புல நோய் ஏறினா, சண்டைக்கு ஆளக் கூப்பிடுகதுக்கு ஒரு புரதம் தானா சுரக்கும். அதச் செய்யுக வித்தைய நாங்க ஈஸ்டுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம். ஆப்பத்துக்குப் போடுகோமே, அந்த ஈஸ்டுக்குச் சொந்தக்காரன்னு வச்சுக்கிடுங்க. அது இந்தத் தொட்டியில பெருகிப் பெருகி அந்தப் புரதத்தச் செய்து தரும். வெறும் தடுப்பூசி போட்டா பன்னிக்க உடம்பு பைய முழிக்கும். இதையும் சேத்துப் போட்டா வெரசா முழிச்சுக்கிடும், நல்லா எதிர்த்தும் நிக்கும்."

"அப்ப கொள்ளாமே, நல்ல காரியம்!" என்றார் ஜாஸ்பர். "எப்ப டாக்டரே போடலாம்?"

"மருந்து ரெடி. பரிசோதனை எல்லாம் முடிஞ்சு அனுமதியும் வந்தாச்சு. அந்த ஃப்ரிட்ஜில இருக்கு."

"பெறவு என்ன?"

"இன்னும் திறக்கல்ல."

"ஃப்ரிட்ஜையா?"

"மருந்த," என்று சொல்லிவிட்டு அஸ்வதி தரையைப் பார்த்தார்.

ஜாஸ்பர் என்னைப் பார்த்தார். எனக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. அவரை இயக்குநரின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

இயக்குநர் டாக்டர் முருகதாஸின் அறையில் புத்தக அலமாரி உண்டு. அதில் முழுக்கப் பொன்னாடைகள். அவர் மேடைக்கு வெளியேயும் மேடைத் தமிழில்தான் பேசுவார், வீட்டில் சாயா கேட்பதுகூட அப்படித்தான் என்று அவருடைய டிரைவர் சொல்லியிருக்கிறான்.

"ஜாஸ்பர் அவர்களே! ஒரு மருந்தைக் கண்டுபிடிப்பது சிறிய காரியம். அதை எங்கள் பிள்ளைகளே ஆய்வகத்தில் செய்துவிடுகிறார்கள். அதைத் திறந்து வைப்பதுதான் இந்த மையத்தின் தலையாய பணி. சென்னையிலிருந்து பெரியவர் வரவேண்டும். முதல் ஊசியை அவர் திருக்கரத்தால் போடவேண்டும். அதன் பிறகு நீங்கள் எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்."

"சார், பக்கத்து ஊர்ல பன்னி செத்துக்கிட்டு இருக்கு சார்."

"கேள்விப்பட்டேன். மிகுந்த வேதனைக்குரியது. அதை என் உரையில் சேர்த்திருக்கிறேன்," என்று ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். "இழப்பு கூடினால் உரையையும் திருத்திக்கொள்வேன். நாங்கள் புள்ளிவிவரத்தில் சமரசம் செய்வதில்லை."

ஜாஸ்பர் தலையில் கையை வைத்தார். முருகதாஸ் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு அவரை விழாக்குழுவில் விவசாயிகளின் பிரதிநிதியாக நியமித்துவிட்டார்.

விழாக்குழு கூடிய அன்று நானும் இருந்தேன். முதல் பிரச்சினை ஃபிளெக்ஸ். பெரியவர் படம் இருக்கவேண்டும், பன்றித் திட்டம் என்பதால் பன்றி படமும் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே ஃபிளெக்ஸில் இருந்தால் என்ன ஆகும் என்று நிர்வாக அலுவலர் கேட்டார். பன்றியைக் கீழே ஓரத்தில் போடலாமா என்றார்கள். கீழே போட்டால் அவர் காலடியில் கிடப்பதுபோல் ஆகும். மேலே போட்டால் கேட்கவே வேண்டாம். கடைசியில் பன்றிக்குப் பதிலாகப் பசு படம் போடுவது என்று முடிவாயிற்று.

"சார், மருந்து பன்னிக்குல்லா?" என்றார் ஜாஸ்பர்.

"பசுவைப் பார்த்தால் யாருக்கும் மனம் புண்படாது," என்றார் முருகதாஸ்.

அடுத்தது முதல் ஊசி. பெரியவர் பன்றியைத் தொடுவாரா? தொட்டாலும் அது கத்தும். கத்துவது நேரலையில் போகும். ஆகவே மேடையில் ஒரு ஆட்டுக்குட்டிக்கு ஊசி போடுவது என்று தீர்மானித்தார்கள். சுசீந்திரத்திலிருந்து ஒரு வெள்ளைக் குட்டியைப் பிடித்து வந்து, கூட்டத்தைக் கண்டு மிரளாமல் இருக்க ஒரு வாரம் மைக் செட் சத்தத்தில் பழக்கினேன். அதற்கு நாலு பாட்டு மனப்பாடம் ஆகியிருக்கும். ஆட்டுக்கு இந்த மருந்தால் பயன் உண்டா என்று ஜாஸ்பர் கேட்டபோது, "பயன் மக்களுக்கு," என்று பதில் வந்தது.

இதற்கு நடுவில் தொட்டிக்கு ஆபத்து வந்தது.

ஈஸ்டு வாசனை ஜன்னல் வழியாக ரோட்டுக்குப் போகும். நாலு முக்கில் பஸ்ஸுக்கு நிற்கிற யாரோ ஒரு புண்ணியவான் மூக்கைச் சுளித்து, உள்ளே சாராய ஊறல் போட்டிருக்கிறார்கள் என்று சாராயம் பிடிக்கிற படைக்குப் போன் பண்ணிவிட்டான். மறுநாள் காலையில் இரண்டு ஜீப்பில் வந்து இறங்கினார்கள், கூடவே ஒரு போட்டோகாரர். அஸ்வதி ஓடிப்போய்த் தொட்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"சார், இது ஊறல் இல்ல. பன்னிக்கு மருந்து செய்யுகது."

"ஈஸ்டு போட்டிருக்கியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உண்டு சார், ஆனா..."

"இனிப்பு?"

"அதுக்குத் தீனிக்கு..."

"நுரை வருதா?"

"வருது."

"பெறவு என்னம்மா? ஊறல் போடுகவனுவ எல்லாரும் மருந்துன்னுதான் சொல்லுவானுவ. பன்னிக்குன்னு சொன்னது நீ ஒருத்திதான். அந்த மட்டுக்கும் புதுசு."

அந்தப் பெண் அழுதார். மாதக் கணக்கில் ராப்பகலாய்க் காவல் இருந்து வளர்த்தது. குழாயைத் திறந்துவிட்டார்கள், அத்தனையும் நுரைத்துக்கொண்டு ஓடையில் இறங்கியது. போட்டோவுக்குச் சரியாக விழவில்லை என்று மிச்சத்தை ஒரு குடத்தில் பிடித்து இன்னொரு முறை கொட்டினார்கள். சத்தம் கேட்டு முருகதாஸ் இறங்கி வந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. இப்போதாவது ஒரு நியாயம் கேட்பார் என்று நினைத்தேன்.

"இதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டாமா, இன்ஸ்பெக்டர் அவர்களே?" என்றார். "இவ்வளவு பெரிய நிகழ்ச்சியை ஒரு பேனர்கூட இல்லாமல் நடத்துகிறீர்களே!"

பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போட்டோவின் நடுவில் போய் நின்றார். மறுநாள் பத்திரிகையில், ஆய்வு மையத்தில் ஊறல் அழிப்பு, இயக்குநர் முன்னிலை வகித்தார் என்று வந்திருந்தது. அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

மிஞ்சியது, ஏற்கெனவே சுத்தம் செய்து குப்பியில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தது மட்டும்தான். அதை விழாவுக்கான இருப்பு என்று எழுதி ஒட்டி, யாரும் தொடக்கூடாது என்று முருகதாஸ் உத்தரவு போட்டார்.

விழா நாள் தள்ளிப்போனது. பெரியவருக்கு வேறு ஜோலி வந்தது. பிறகு ஆடி மாதம் வந்தது. ஆடி போனதும் நாகர்கோவிலில் அதே நாளில் ஒரு பாலத்துக்குத் திறப்பு விழா வந்தது, பாலத்துக்கு முன்னால் பன்றி எம்மாத்திரம்? காய்ச்சலுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன. அது பஞ்சாயத்து எல்லையைத் தாண்டி எங்கள் குளத்துக்கு அக்கரையில் வந்துவிட்டது. ஜாஸ்பருக்கு உறக்கம் போயிற்று. தினமும் விடிந்ததும் மகாராணியின் காதைத் தடவி நிறம் பார்ப்பார். பார்த்துவிட்டு என் வீட்டு வேலிக்கு வந்து, "அண்ணே, இன்னைக்கும் வெளுப்பாத்தான் இருக்கு," என்பார்.

ஒரு நாள் மத்தியானம் மையத்தில் ஒத்திகை. பெரியவர் வரும்போது எழுந்து நிற்பது, கை தட்டுவது, உட்காருவது. ஊழியர்கள் அனைவரும் அரங்கத்தில் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அஸ்வதி தடுப்பூசியும் புது மருந்தும் வைத்த ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு ஜாஸ்பரின் தோப்புக்கு வந்து இறங்கினார்.

"மருந்து அனுமதி வந்த மருந்து. பன்னிக்குப் போடத்தான் அனுமதி. விழாவுக்கு இல்ல," என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "பன்னியப் பிடியுங்க."

நாங்கள் பிடித்தோம். ஜாஸ்பரின் மனைவி சபிதா மகாராணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். காதுக்குப் பின்னால் ஒரு குத்து, அவ்வளவுதான். மேளம் இல்லை, தாளம் இல்லை. அடுத்து ஆன்ட்ரூஸின் பண்ணைக்குப் போனோம். அவர் எல்லாப் பன்றிகளையும் அவரே பேசிப் பேசிக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எனக்க பன்னிக்கு ஊசி போரும் டாக்டரே. விழா வேண்டியவன் அவனுக்க பொண்டாட்டிக்கு நடத்தட்டும்," என்றார்.

அக்கரையில் பன்றிகள் செத்தன, காய்ச்சல் எங்கள் கரைக்கும் வந்தது. ஓட்டல் சோறு போடுகிற இன்னும் இரண்டு பண்ணைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஜாஸ்பர் பண்ணையில் மட்டும் ஒரு பன்றிக்கும் காது நீலம் பாயவில்லை. ஆன்ட்ரூஸ் பண்ணையிலும் அப்படித்தான். மகாராணி சாம்பார் வாளியைக் கவிழ்த்துத் தின்றது. எங்களுக்கு நம்பிக்கை வந்த நேரத்தில்தான் உத்தரவு வந்தது: இந்த வட்டாரத்தில் தடுப்பூசி போடாத பன்றிகளை எல்லாம் அதிகாரிகள் வந்து கொன்று புதைப்பார்கள். போட்டதாக மையம் சொன்னால் விட்டுவிடுவார்கள்.

"அப்ப பயமில்ல," என்று ஜாஸ்பர் சிரித்துக்கொண்டே மையத்துக்குக் கிளம்பினார். பாவம்.

முருகதாஸ் அவரையும் கூடப் போன என்னையும் உட்காரச் சொன்னார். ஊசி போட்ட விஷயத்தை அஸ்வதி ஏற்கெனவே அவரிடம் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

"ஜாஸ்பர் அவர்களே, ஊசி போட்டது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது நடக்கவில்லை."

"நடந்துது சார். நான் பன்னியப் பிடிச்சேன். இந்தா, சத்தியநேசன் அண்ணனும் பிடிச்சாவ."

"திறக்கப்படாத மருந்தை எப்படிப் போட முடியும்? நாளைக்குப் பெரியவர் வந்து முதல் ஊசியைப் போடும்போது, இது முதல் ஊசி இல்லை என்று யாராவது சொன்னால்? அவர் இரண்டாம் ஊசியா போடுவார்? என் பணிக்காலத்தில் அப்படி ஒரு தலைகுனிவு வரவிடமாட்டேன்."

"அப்ப எனக்க பன்னியளக் கொன்னுருவாவளே சார்!"

"அறிவியலுக்குத் தியாகங்கள் தேவை," என்றார் முருகதாஸ், கண்கள் கலங்கியபடி. "அவற்றின் நினைவாக ஒரு கல் வைக்கலாம். திறப்பு விழாவும் சேர்த்தே நடத்திவிடலாம்."

ஜாஸ்பர் வீட்டுக்கு வந்து வாசல் திண்டில் உட்கார்ந்து அழுதார். மஸ்கட் வெயிலில் அழாத மனுசன். மறுநாள் காலையில் ஆட்கள் வருகிறார்கள். மகாராணிக்கு ஈற்றுக்கு ஒரு வாரம்கூட இல்லை. அஸ்வதி நேரில் வந்து சாட்சி சொல்லத் தயாராக இருந்தார், ஆனால் இயக்குநர் வாயிலிருந்து வந்தால்தான் செல்லும் என்று கொல்லும் படையின் தலைவர் போனிலேயே சொல்லிவிட்டார்.

சபிதா தொழுவத்திலிருந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அவள் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர். வருடாவருடம் பண்டிகைக்கு வருகிற சிறப்பு விருந்தினர்களை உட்கார வைத்து, எழுப்பி, பேச்சை நிறுத்த வைத்து, சோறு போட்டு அனுப்புகிற வேலை அவளுடையது. அந்த மாதிரி மனுசர்களை அவள் அளவுக்கு அறிந்தவர் யாரும் இல்லை.

"அண்ணே," என்றாள் என்னிடம், "ஒங்ககிட்ட செவப்பு ரிப்பன் கிடக்கா?"

"கிடக்கு."

"குத்துவிளக்கு? மெத்த நாற்காலி? மைக்கு?"

"ஏட்டி, ஒனக்கு பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றார் ஜாஸ்பர். "கொல்லுகதுக்கு வாறானுவ!"

"வரட்டும். ரிப்பனக் கண்டா கை தன்னால போவும் அவியளுக்கு. நீங்க எழும்பி முகத்தக் கழுவுங்க. வரவேற்புரை நீங்கதான்."

அவள் ஆன்ட்ரூஸையும் கூப்பிட்டாள். உங்கள் பண்ணைக்கும் சேர்த்து ஒரே விழாவாக நடத்திவிடலாம், வந்து நில்லுங்கள் என்றாள். ஆன்ட்ரூஸ் முற்றத்தில் காறித் துப்பினார்.

"எனக்க பன்னிக்கு ஊசி போட்டாச்சு. அது உண்மை. உண்மைக்கு எதுக்குட்டி ரிப்பன்? ஒருத்தன் முன்னாலயும் நான் நாடகம் ஆட மாட்டேன்," என்று சொல்லிவிட்டுத் தோப்பைத் தாண்டிப் போய்விட்டார்.

காலையில் ஜீப் வந்தது. கொல்லும் படையின் தலைவர், கால்நடைத் துறை இணை இயக்குநர் பகவதியப்பன் முன்னால் இறங்கினார். பின்னால் இரும்புத் தடியும் கயிறும் சுண்ணாம்பு மூட்டையுமாக ஆட்கள். குழி தோண்டுகிற இயந்திரமும் வந்து ரோட்டோரத்தில் நின்றது.

பன்றித் தொழுவத்தின் வாசலில் வாழைமரம் இரண்டு. நடுவில் சிவப்பு ரிப்பன். தாம்பாளத்தில் சந்தனம், கற்கண்டு, புதுக் கத்தரிக்கோல். பாட்டை நான் மெதுவாக வைத்திருந்தேன். மேலே ஃபிளெக்ஸில் பகவதியப்பன் படம். சபிதா அதை எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் பன்றி படம் இல்லை, பசுதான்.

பகவதியப்பனின் நடை மாறுவதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஜீப்பிலிருந்து வேகமாக வந்தவர், வாழைமரத்தைக் கண்டதும் மெதுவாக நடக்க ஆரம்பித்தார். கழுத்து நிமிர்ந்தது. இரண்டு கையும் தானாகக் குவிந்தன. சபிதா சந்தனத்தை நீட்டினாள், தொட்டுக்கொண்டார். ஜாஸ்பர் பொன்னாடை போர்த்தினார், குனிந்து கொடுத்தார். தடியோடு வந்த ஆட்களுக்கு உட்கார நாற்காலி கிடைத்தது, அவர்கள் தடியை மடியில் வைத்துக்கொண்டு கற்கண்டு தின்றார்கள்.

"என்ன திறப்பு?" என்று என்னிடம் குனிந்து கேட்டார்.

"தடுப்பூசித் திட்டம், சார். ஈஸ்டுல செஞ்ச புரதம் சேத்தது."

"ஓ. நல்ல திட்டம்."

அவர் கத்தரிக்கோலை எடுத்த நேரத்தில் மையத்தின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. முந்தின நாள் இரவே சபிதா முருகதாஸுக்குப் போன் பண்ணி, "சார், ஒங்க மருந்த வேற ஒருத்தர் திறக்கப் போறாரு. நீங்க வரல்லன்னா ஒங்க பேர் போடாம நடத்திருவோம்," என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். மனுசன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார், பின்னால் ஒரு போட்டோகாரர். வந்தவர் கத்தரிக்கோலின் ஒரு வளையத்துக்குள் தன் விரலையும் நுழைத்துவிட்டார். இருவரும் சேர்ந்து வெட்டினார்கள். நாங்கள் கை தட்டினோம்.

முருகதாஸ்தான் மைக்கைப் பிடித்தார். "எங்கள் மையத்தின் ஒப்பற்ற மருந்து, இந்தப் பண்ணையின் ஒவ்வொரு பன்றிக்கும் முறைப்படி செலுத்தப்பட்டுவிட்டது என்பதைப் பெருமகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்! ஒரு பன்றிகூட நோயில் விழவில்லை. இது என் தனிப்பட்ட உழைப்பு!"

முதல்முறையாக அந்த மனுசனின் உரையை நான் முழு மனசோடு கேட்டேன். சத்தத்தையும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

அடுத்து பகவதியப்பன் பேசினார். "நான் இன்று காலை இங்கே வரும்போது கொல்வதற்காகத்தான் வந்தேன். உண்மையைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் திறந்து வைக்கிற பாக்கியம் கிடைத்தது. இரண்டும் மக்கள் பணிதான். எதைக் கொடுத்தாலும் சிறப்பாகச் செய்வேன்."

தொழுவத்துக்குள் மகாராணி ஒரு சத்தம் கொடுத்தது. எல்லாரும் சிரித்தார்கள். ஜாஸ்பர் சிரிக்கவில்லை, மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சபிதா அவர் முதுகைத் தட்டி, "நன்றியுரை, நன்றியுரை," என்று முணுமுணுத்தாள்.

சாயா குடித்து முடித்ததும் பகவதியப்பன் பொன்னாடையை மடித்து டிரைவரிடம் கொடுத்தார். "அடுத்த பண்ணை எது?" என்று கேட்டார். அவர் முகம் திரும்பவும் ஜீப்பிலிருந்து இறங்கியபோது இருந்த முகமாகிவிட்டது. ஆட்கள் கற்கண்டுக் கையைத் துடைத்துவிட்டுத் தடியை எடுத்தார்கள்.

அடுத்த பண்ணை ஆன்ட்ரூஸுடையது.

"சார், அங்கயும் ஊசி போட்டாச்சு, அதே நாள், அதே மருந்து," என்று ஜாஸ்பர் பின்னாலேயே ஓடினார். சாட்சி சொல்ல வந்து நின்ற அஸ்வதியும் ஓடினார். நான் மைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"திறந்தது உங்கள் பண்ணையைத்தானே?" என்றார் பகவதியப்பன் நடந்துகொண்டே. முருகதாஸிடம் கேட்டோம். அந்தப் பண்ணையில் தனக்கு அழைப்பு இல்லை, அழையாத இடத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது தனக்கு வழக்கமில்லை என்று சொல்லிவிட்டு, போட்டோகாரரோடு பின்னால் வந்தார்.

ஆன்ட்ரூஸ் வாசலில் நின்றார், வெறும் உடம்பு, தோளில் தலை துவட்டுகிற ஒரு சிவப்புத் துவர்த்து, கையில் தேங்காய் வெட்டுகிற வெட்டுகத்தி.

"எவனாவது படி ஏறினா வெட்டுவேன்," என்றார். அவர் வெட்டுவார். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். பின்னால் பன்றிகள் தீனி வேளை வந்துவிட்டது என்று நினைத்துக் கதவில் வந்து முட்டின. கயிற்றோடு இரண்டு ஆட்கள் பக்கவாட்டில் வேலியைப் பிரித்து உள்ளே இறங்கிவிட்டார்கள். ஒருவன் ஒரு குட்டியின் பின்னங்காலைப் பிடித்து இழுத்தான். அது அலறியது.

ஆன்ட்ரூஸ் திரும்பிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அவர் தாடை அசைந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த மனுசன் எதையோ விழுங்குவதைப் பார்த்தேன். வெட்டுகத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தோளிலிருந்த துவர்த்தை எடுத்தார். வாசலின் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்கு இழுத்து இழுத்துக் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை, சபிதா போய் ஒரு முனையைக் கட்டிக் கொடுத்தாள். பிறகு அவர் நிமிர்ந்து இரண்டு கையையும் குவித்தார்.

"வரணும் சார், வரணும்," என்றார். "ஒங்களுக்காவத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கோம்."

பகவதியப்பன் நின்றார். கழுத்து நிமிர்ந்தது. வேலிக்குள் குட்டியை இழுத்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து, "விடுப்பா, நிகழ்ச்சி நடக்குது," என்றார். பிறகு துவர்த்திலிருந்து பார்வையை எடுக்காமலேயே கையைப் பக்கவாட்டில் நீட்டினார், கத்தரிக்கோலுக்காக. முருகதாஸ் வேகமாக வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

கத்தரிக்கோல் ஜாஸ்பர் தோப்பிலேயே கிடந்தது. ஆன்ட்ரூஸ் கீழே வைத்திருந்த வெட்டுகத்தியை எடுத்தார். நாங்கள் ஒரு அடி பின்னால் போனோம். அதைத் திருப்பி, பிடியைப் பகவதியப்பன் பக்கமாக நீட்டினார்.

பகவதியப்பன் ஒரே வெட்டில் துவர்த்தை இரண்டாக்கினார். இந்தப் பண்ணையின் பன்றிகளுக்கும் முறைப்படி மருந்து செலுத்தப்பட்டதென்று முருகதாஸ் மைக் இல்லாமலே முழங்கினார். நாங்கள் கை தட்டினோம். ஆன்ட்ரூஸும் தட்டினார். தட்டத் தட்ட அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கத் துவர்த்து இல்லை.

முருகதாஸ் அதைக் கவனித்துவிட்டார்.

"ஆனந்தக் கண்ணீர்," என்றார் போட்டோகாரரிடம். "அதையும் எடுங்கள்."